மூர்த்தி அண்ணனின் நீலச் சட்டை

சென்ற மாதம் ஒரு மதியம் நிவேதா போன் செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பம்பு கம்பெனியில் இப்போது எச்.ஆர். பார்க்கிற பெண். சேலத்துக்காரி. என்னுடைய கடைசி வருடத்தில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள் என்பதால், ஏதாவது சந்தேகம் வந்தால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"மேடம், கேட்ல ஒரு பெரியவர் வந்து நிக்கிறார். நம்ம அசெம்ப்ளி பையன் ஒருத்தனுக்குப் பொண்ணு கொடுக்கப் போறாங்களாம். பையன் எப்படின்னு கேக்குறார். பாலிசிப்படி நாம எதுவும் சொல்லக் கூடாது. ஆனா போக மாட்டேங்குறார். என்ன சொல்றது?"

"முதல்ல தண்ணி கொடுத்தியா?"

"இல்ல மேடம்."

"அதைக் கொடு. அப்புறம் உட்கார வை. அப்புறம் பேசலாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலைக்காலத்தில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போனது. மீதிப் பாதியில்தான் சம்பளத்துக்கான வேலையைப் பார்த்தேன். அன்று போனில் அவளுக்குச் சொன்னதை, "எழுதி வையுங்க மேடம், எங்களுக்கு உதவும்" என்று அவள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதுகிறேன். உதவுமா என்று தெரியாது. இப்போதெல்லாம் கேட்டில் ஒரு கருவி முகத்தைப் பார்த்தே வருகையைப் பதிந்துகொள்கிறது. அதனிடம் போய் யாரும் மாப்பிள்ளை எப்படி என்று கேட்க முடியாது.

நான் வேலை பார்த்த இடத்துக்குப் பெயர் டைம் ஆபீஸ். கேட்டை ஒட்டிய சின்ன அறை. யார் வந்தார், யார் வரவில்லை, யார் ஓவர்டைம், யாருக்கு லீவு என்பதெல்லாம் அங்கேதான். தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகிக் கள்ளிக்குப்பத்துக்கு வந்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் நான் கற்றுக்கொண்டது, ஆண்கள் கூட்டமாக வரும்போது ஜன்னலை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான். மற்ற வேலைகள் யாருக்கும் தானாக வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பையன் இன்ன கம்பெனியில் வேலை என்று சொன்னால் பெண் வீட்டார் அதை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். கம்பெனி வாசலுக்கே வந்து விசாரிப்பார்கள். பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி என்று எங்கிருந்தோ பஸ் பிடித்து, பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். வாசலில் டீக்கடை, செக்யூரிட்டி, அப்புறம் என் ஜன்னல். அந்த வரிசையில்தான் விசாரணை நடக்கும். பெரும்பாலோர் டீக்கடையிலேயே திருப்தியாகித் திரும்பிவிடுவார்கள். அந்த டீக்கடைக்காரர் யாரைக் கேட்டாலும் "தங்கமான பையன்" என்பார். எங்கள் கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவனைப் பற்றி ஒரு நாள் யாரோ கேட்டதற்கு, "இப்பதான் இங்க டீ குடிச்சிட்டுப் போனாரு, தங்கமான பையன்" என்று சொல்லி அனுப்பினார். அவன் அப்போது துபாயில் இருந்தான்.

என் மேலதிகாரி சபாபதி சார். பர்சனல் ஆபீசர். ஒல்லியான மனிதர், குரல் எழும்பவே எழும்பாது. தடித்த கண்ணாடி போட்டிருப்பார். யாரிடமாவது கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். ஏன் சார் என்று ஒரு நாள் கேட்டேன். "எதிர்ல இருக்கிறவங்க முகம் தெளிவாத் தெரிஞ்சா எனக்கு வாய் வராதும்மா" என்றார். அதனால் அவர் கை கண்ணாடிப் பக்கம் போனாலே யூனியன் ஆட்கள்கூட அடங்கிவிடுவார்கள்.

கல்யாண விசாரணைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வந்தவருக்கு முதலில் தண்ணீர். நிற்க வைத்து எதுவும் சொல்லக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். பையன் ஒழுங்காக வேலைக்கு வருகிறவன் என்றால், "இங்க வேலை செய்றார், ஒழுங்கா வர்றார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அதே வாக்கியம். நல்ல பையனுக்கு ஒரு சொல் கூடக் கூடாது. ஏனென்றால் ஒருவனுக்குத் தங்கம் என்று சொல்லிவிட்டு அடுத்தவனுக்குச் சொல்லாவிட்டால், அந்த அடுத்தவன் பித்தளை என்று ஆகிவிடுமாம். அதற்கு மேல் எது கேட்டாலும் நாங்கள் பேசக் கூடாது. ஆளையே வரவழைத்து எதிரில் நிறுத்திவிட வேண்டும்.

"ஒருத்தனைப் பத்திப் பேசறதுன்னா அவன் முன்னாடிதான் பேசணும். உள்ளதானே இருக்கான், கூப்பிடு" என்பார்.

ஒருமுறை திருநின்றவூரிலிருந்து வந்த ஒருவர், "பையன் குடிப்பாரா?" என்று கேட்டார். சார் பேசாமல் ஆளை வரவழைத்தார். அந்தப் பையன் வந்து நின்று, தலையைச் சொறிந்து, "ஞாயித்துக்கெழம மட்டும் மாமா" என்றான். வந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நானும் அப்டித்தான்" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது. இப்போது அவர்களுக்குப் பேரன் இருக்கிறான்.

இனி சட்டைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை. ஒரே மிஷின், ஒரே வேலை, ஒரே வேர்வை. ஆனால் சட்டை மட்டும் வேறு. எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. கல்யாணச் சந்தையில் நீலச் சட்டைக்குத்தான் மதிப்பு. கான்ட்ராக்ட் பையன் என்றால் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூடப் பிரிக்க மாட்டார்கள்.

அதனால் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மிஷின் ஷாப்பில் மூர்த்தி அண்ணன் என்று ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். இளகிய மனசு. அவருடைய பழைய நீலச் சட்டை ஒன்று ஆணியில் தொங்கும். யாருக்காவது விசாரணை வருகிறது என்று தெரிந்தால், அந்தப் பையன் அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து டீ குடிப்பான். பெண்ணின் அப்பா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார். சட்டையின் இடது கையில் தீப்பொறி பட்டு ஒரு ஓட்டை. அதை யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். கல்யாணச் சட்டை என்றே அதற்குப் பெயர். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். சபாபதி சாருக்கும் தெரியும். "என் ஜன்னலுக்கு வந்து கேட்டா பதில் சொல்வேன். டீக்கடையில யார் எந்தச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாங்கன்னு நான் போய்ப் பார்க்க முடியாது" என்பார். அது அவருக்கே முழு சமாதானமாக இல்லை என்பது சொல்லும்போது தெரியும்.

இப்போது டில்லிபாபு. கள்ளிக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் மகன். அவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், அந்த நிலங்களில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆனபின் கன்னியம்மா ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தார். டில்லிபாபு எங்கள் மிஷின் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்தான். கை சுத்தம், வேலை சுத்தம். அவனைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று வருடா வருடம் ஒரு பேச்சு வரும், போகும்.

கன்னியம்மாவுக்கு நான் பட்ட கடன் காசுக் கடன் இல்லை. என் கணவர் வெளியூரில் வேலையில் இருந்தார். நான் விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் நாட்களில் என் மகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவர் அவர்தான். ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. டில்லிபாபுவுக்குப் பெண் பார்த்த சமயத்தில்தான் முதல்முறையாகச் சொல்லிக் காட்டினார்.

"இந்தா லலிதா, டில்லிக்கு வேற்காட்டாண்ட ஒரு பொண்ணு பாத்துகீறோம். எக்ஸ்போர்ட் கம்பெனில டைலரு. அவங்க அப்பா நாளிக்கு உங்க ஆபீசாண்ட வராராம். பெர்மனென்ட்டுனு ஒரு வார்த்த சொல்லிடு."

"அது எப்படிக்கா முடியும்?"

"ஏன் முடியாது? இந்த வருசம் ஆக்கிடுவாங்கனு நீதான சொன்ன? கொஞ்சம் முன்னாடியே சொல்றே, அவ்ளோதான். உன் பொண்ண நான் குளிப்பாட்டி இஸ்கூலுக்கு அனுப்பலியா? உன்னாண்ட இன்னா கேட்டுட்டேன்? ஒரு வார்த்த. வாய் தேஞ்சா பூடும்?"

எனக்குக் கோபம் வந்தது. கன்னியம்மாமேல் இல்லை. கேட்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது, அதுதான் கோபத்துக்குக் காரணம். அத்தோடு, ஒரே வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு நிறச் சட்டை கொடுத்து வைத்திருக்கிற கம்பெனிக்காக நான் ஏன் உண்மை பேசி ஒரு நல்ல பையனின் கல்யாணத்தைக் கெடுக்க வேண்டும் என்றும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இதில் முதல் பொய் கம்பெனியுடையதுதான். அதே சமயம், முகம் தெரியாத அந்தப் பெண்ணையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி அவள் வாழப் போக வேண்டும். நான் அரிசி களைய உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக சபாபதி சாரிடம் போய் லீவு கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லீவு தாராளமா எடுத்துக்கோ. நீ இல்லேன்னா ஜன்னல்ல யாரு உட்காருவா?"

"செக்யூரிட்டி தங்கராஜ் சார்."

"அவன் என்ன சொல்லுவான்?"

தங்கராஜ் டீக்கடைக்காரரின் மச்சான். அவன் என்ன சொல்வான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீ வீட்ல உட்கார்ந்துக்கிட்டா பொய் சொல்லலைன்னு ஆயிடுமா லலிதா?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே யோசித்துப் பார்க்கிற மாதிரி கேட்டார். நான் லீவு விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

அப்பா வருவார் என்றுதான் காத்திருந்தேன். காலை டீ முடிந்த நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். சித்திரை வெயில். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டையுடன், தனியாக.

"மேடம், இங்க டில்லிபாபுனு ஒருத்தரு வேல செய்றாரா?"

"நீ யாரும்மா?"

"என் பேரு மல்லிகா. அவருக்கு என்னத்தான் பேசினுகீறாங்க. எங்கப்பா வரேன்னாரு, நாந்தான் வாணாம்னு சொல்லிட்டு பர்மிசன் போட்டு வந்தேன்."

பெண்ணே நேரில் விசாரிக்க வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அவரு பெர்மனென்டா கான்ட்ராக்டா மேடம்?"

கன்னியம்மா என் மகளுக்குத் தலை துவட்டிவிடுகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. அப்போது எனக்குக் கைகொடுத்தது சாருடைய முறைதான்.

"இங்க வேலை செய்றார். ஒழுங்கா வர்றார். மிச்சத்தை அவர்கிட்டயே கேட்டுக்கோ. வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மிஷின் ஷாப்புக்குப் போன் செய்யத் தங்கராஜிடம் சொன்னேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. "டில்லிபாபுவை டைம் ஆபீசுக்கு அனுப்புங்க" என்று சொல்லியிருந்தால் போதும். தங்கராஜ் ஆர்வத்தில், "பொண்ணு ஊட்லர்ந்து வந்துகீறாங்க" என்றும் சேர்த்துவிட்டான். அந்த ஒரு வார்த்தை போதும், மிஷின் ஷாப்பில் மற்றதெல்லாம் தானாக நடக்கும். யாரோ ஆணியிலிருந்து சட்டையை எடுத்திருப்பார்கள், யாரோ மாட்டிவிட்டிருப்பார்கள். டில்லிபாபு வெயிலில் நடந்து வந்தான். மூர்த்தி அண்ணனின் நீலச் சட்டை அவன்மேல் தோள் இறங்கித் தொளதொளவென்று கிடந்தது. அவசரத்தில் தன் சட்டையைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டிருந்தான். நீலக் காலருக்குள்ளே சாம்பல் காலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மல்லிகா காலரைப் பார்க்கவில்லை. அவன் இடது கையையே பார்த்தாள். அந்த வெள்ளை நூல் தையலில் அவள் கண் நின்றுவிட்டது. தையல்காரி அல்லவா. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"நீங்க பெர்மனென்டா?" என்று கேட்டாள். குரலில் ஒரு உணர்ச்சியும் இல்லை.

டில்லிபாபு என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையசைத்தால் அவனும் ஆமாம் என்று சொல்லியிருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சபாபதி சாரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இல்லீங்க. கான்ட்ராக்ட்டு" என்றான்.

நான் நிமிர்ந்தேன். அவன் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இது மூர்த்தி அண்ணன் சட்ட. அம்மா பெர்மனென்ட்டுனு சொல்லிட்டாங்க. நானும் சரின்ட்டேன். சொன்னதுலர்ந்து எனுக்கு மனசே சரியில்ல. மன்ச்சிக்குங்க."

நீலச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேர்வையில் ஊறிய சாம்பல் சட்டையோடு நின்றான். மல்லிகா எழுந்தாள்.

"எங்க அக்கா ஊட்டுக்காரும் இதே சட்டலதான் வந்தாரு" என்றாள். "நானும் அப்பாவும் அதோ அந்த டீக்கடையாண்ட நின்னு பாத்தோம். இந்த வெள்ள நூல இன்னா இவ்ளோ கோணலா தச்சிகீறாங்கனு அன்னிக்கே நெனச்சேன். கல்யாணம் ஆயி ஒரு வருசத்துல கான்ட்ராக்ட்டு முடிஞ்சி நிறுத்திட்டாங்க. வேல போனதுகூட அக்காக்கு பெருசில்ல. சட்ட மாத்திகினு வந்து நின்னத நெனச்சி இன்னும் அழுவுது. அவரு இன்னா சொன்னாலும் நம்ப மாட்டேங்குது. பஸ் லேட்டுனு சொன்னாகூட நம்ப மாட்டேங்குது."

சொல்லிவிட்டு என்னிடம், "வரேன் மேடம்" என்று மட்டும் சொல்லி, வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டில்லிபாபு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "பூட்ச்சிக்கா" என்றான். சபாபதி சார் வெளியே வந்து, தானே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவனிடம் கொடுத்தார். அவன் குடிக்கும்வரை நின்றார். "மிஷின் காத்துக்கிட்டிருக்கு, போப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பினார். கன்னியம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

விழிக்க வேண்டியிருக்கவில்லை, அவரே பார்த்துக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, என் காதில் விழுகிற மாதிரி, "ஒரு பொய் சொல்ல துப்பு கெடயாது, இதுங்கல்லாம் இன்னாத்துக்கு ஆபீசுக்குப் போவுதுங்களோ" என்றார். அதோடு பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணம் வருவதும் போவதும் நின்றது. என் மகள் தானாகத் தலை பின்னக் கற்றுக்கொண்டாள். அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதனால் ஒரு ஆறுதலும் இல்லை. சரியாக நடந்துகொண்டவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆடி கழிந்தபிறகு ஒரு நாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டீக்கடையைத் தாண்டி, தங்கராஜைத் தாண்டி, நேராக என் ஜன்னலுக்கு வந்தார். டீக்கடைக்காரர் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"யம்மா, நான் மல்லிகாவோட அப்பன். போன தபா பெரிய பொண்ணுக்கு வந்தப்ப டீக்கடையோட திரும்பிட்டேன். அதான் இந்த தபா நேரா இங்க வந்தேன். டில்லிபாபு எப்டிம்மா?"

தண்ணீர் கொடுத்தேன். அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். "இங்க வேலை செய்றார். ஒழுங்கா வர்றார்."

"அது போதும்மா. மிச்சத்த அவரே சொல்லிட்டாராமே" என்றார். "கான்ட்ராக்ட்டு ஆளு வாணாம்னு நான் எவ்ளோ சொல்லிப் பாத்துட்டேன். மல்லிகா கேக்கல. கேட்ட ஒடனே சட்டயக் கழட்டினாரு பாரு, அவருதான்னு ஒரே புடியா நிக்கிது."

அவர் போனபின் சபாபதி சாரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி அவர் கையில் இருந்தது. கடினமாக எதுவும் சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் கழற்றியிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. மார்பில் இத்தனை நாள் ஏற்றி வைத்திருந்த மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் நான் இரண்டு பங்கு சோறு சாப்பிட்டேன்.

கல்யாணம் திருவேற்காடு கோயிலில் நடந்தது. கன்னியம்மா பத்திரிகையோடு வெற்றிலைப் பாக்கையும் தட்டில் வைத்து நீட்டியபோது என் முகத்தைப் பார்க்காமல், "அந்தச் சட்ட மேட்டர் ஆனதுலர்ந்துதான் புள்ள வயிறாற துன்றான். அதுக்கு முன்னாடி சோறே எறங்கல அவனுக்கு. எனுக்கு இது புரியாம பூட்ச்சி" என்றார். மறுநாள் மதில்மேல் கருவாட்டுக் குழம்புக் கிண்ணம் இருந்தது. என் மகள்தான் ஓடிப் போய் எடுத்தாள்.

கோயில் மண்டபத்தில் மூர்த்தி அண்ணன் ஒரு பித்தளைக் குடம் கொண்டு வந்திருந்தார். மல்லிகா அதை வாங்கிக்கொண்டு, "அண்ணா, இன்னொண்ணும் வேணும். அந்தச் சட்டயக் குடுங்க" என்றாள். அவர் வெலவெலத்துப் போய், "எம்மா, அது கிழிஞ்சதும்மா" என்றார். "அதான் வேணும். இனிமே அத எந்த மாப்பிள்ளயும் மாட்டக் கூடாது" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சட்டையை அவர் கொண்டு போய்க் கொடுத்தார். அதை வெட்டி மடித்துத் தைத்து, அடுப்பிலிருந்து பானை இறக்கும் பிடிதுணி ஆக்கினாள். கோணல் தையலைப் பிரித்து ஒழுங்காகப் போட்டிருந்தாள்.

டில்லிபாபு பெர்மனென்ட் ஆகவே இல்லை. சில வருடங்கள் கழித்து ஆர்டர் குறைந்தது. ஒரு காலையில் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் கேட்டிலேயே நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சபாபதி சார் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சொல்ல வேண்டியவள் நான். எனக்கும் அதற்குள் கண்ணாடி வந்திருந்தது. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் சொன்னேன். எதிரே சாம்பல் நிறம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதில் டில்லிபாபுவும் இருந்தான்.

அடுத்த சில வாரங்களில் எனக்குச் சேதிகள் ஒவ்வொன்றாக வந்தன. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஆவடி ஸ்டேஷன் பெஞ்சிலும் பூங்காவிலும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள் பலர். சில வீடுகளில் மனைவிக்கு விஷயம் வெளியாட்கள் வாயால்தான் தெரிந்தது. அந்தச் சண்டைகள் வேலை கிடைத்தபிறகும் தீரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் கள்ளிக்குப்பத்தில் தண்ணீர்க் குடத்தோடு வந்த டில்லிபாபுவைத் தெருவில் பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"வீட்ல சொல்லிட்டியாப்பா?"

நிவேதா அன்று போனில் கடைசியாக ஒன்று கேட்டாள். "உள்ளதைச் சொன்னா நிறைய கல்யாணம் நின்னு போயிடுமே மேடம்?" நின்றுதான் போகும். டில்லிபாபுவுக்கும் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இதை நான் எழுதியிருப்பேனா என்றுகூடத் தெரியாது. ஆனால் அன்று தெருவில் அவன் குடத்தை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்டேன்கா. கேட்லர்ந்து நேரா ஊட்டுக்குத்தான் போனேன். காலைல பத்து மணிக்கு டிபன் பாக்ஸோட வந்து நிக்கிறேன், மல்லிகா ஒண்ணுமே கேக்கல, ஒக்காருனு சொல்லி சோத்துப் பானைய எறக்கிச்சி. மத்தவனுங்கல்லாம் பாவம்கா, பொழுது சாயறவரிக்கும் ஸ்டேசன்ல குந்தினு இருந்தானுங்க. எனுக்குப் போறதுக்கு ஊடு இருந்துச்சி."